ஆல்பம் வேலைக்கு லேப்டாப்: ஸ்கிரீன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் முகூர்த்த மாதம் நெருங்கினால், ஆல்பம் டிசைன் கற்றுக்கொள்ள வரும் தம்பிகள் புது லேப்டாப்போடு வந்து நிற்பார்கள். ப்ராசஸர் என்ன, ராம் எத்தனை ஜிபி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்கிரீன் என்ன என்று கேட்டால் "ஃபுல் ஹெச்டிண்ணே" என்பதோடு பதில் முடிந்துவிடும். ஃபுல் ஹெச்டி என்பது 1920-க்கு 1080 என்ற புள்ளிக் கணக்கு. அந்தப் புள்ளிகள் எந்த நிறத்தைக் காட்டும், எவ்வளவு வெளிச்சத்தில் காட்டும் என்பது வேறு கதை. வாரண்டி கார்டு வாங்காமல் வருவது மாதிரி எல்லாருக்கும் தெரிந்த தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஐபிஎஸ் என்றதும் நிம்மதியாகிவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். "டிஎன் வேண்டாம், ஐபிஎஸ் வாங்கு" என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். இரண்டும் ஸ்கிரீன் பேனலின் வகைகள். சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். டிஎன் பேனலில் மூடியைக் கொஞ்சம் சாய்த்தாலே முகம் கறுக்கும், இல்லையென்றால் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் பெரிதாக நிறம் மாறாது. அது தரும் உறுதி அவ்வளவுதான். எத்தனை நிறம் காட்டும் என்பதற்கு ஐபிஎஸ் என்ற பெயர் பொறுப்பேற்காது.

விலை குறைந்த ஐபிஎஸ் லேப்டாப்களின் விவரப் பட்டியலில் சின்ன எழுத்தில் "45% என்டிஎஸ்சி" என்று இருக்கும். அமெரிக்கக் கலர் டிவிக்காக 1953-இல் வந்த நிற அளவுகோல் அது. நாம் வேலை பார்ப்பதோ பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபியில், அதாவது கம்ப்யூட்டர் ஸ்கிரீன்களுக்குப் பொதுவான நிற அளவில். 72% என்டிஎஸ்சி இருந்தால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி கிடைக்கும். 45% என்றால் எஸ்ஆர்ஜிபியில் 60 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். மீதி நிறம் அந்தப் பேனலில் கிடையவே கிடையாது.

முதலில் அடிபடுவது சிவப்பு. வெளுத்து, ஆரஞ்சுப் பக்கம் சாயும். நம்மூர்க் கல்யாணப் படத்தில் சிவப்பு இல்லாத இடம் எது? முகூர்த்தப் புடவை, குங்குமம், ரோஜா மாலை எல்லாமே அதுதான்.

உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இப்படி ஒரு லேப்டாப்பில்தான் முதல் ஆல்பம் செய்தான். பொண்ணு கட்டியிருந்தது அரக்குப் பட்டு. ஸ்கிரீனில் செங்கல் நிறமாகத் தெரிந்ததால் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை ஏற்றினான். போதவில்லை என்று சிவப்பைத் தனியாகவும் ஏற்றினான். ஜலதோஷம் பிடித்தவர் குழம்புக்கு உப்புப் பார்த்த கதைதான். அச்சடிக்கும் லேபிலிருந்து ஆல்பம் வந்தபோது புடவை மடிப்பெல்லாம் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டு, முகமெல்லாம் செக்கச்செவேல். பொண்ணு வீட்டில் வாங்க மறுத்துவிட்டார்கள். திரும்ப அச்சடித்த செலவு அவன் தலையில் விழுந்தது. மலிவாக வாங்கி மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போனது.

"காலிபரேட் பண்ணிக்கலாமே" என்பார்கள். காலிபரேஷன் இருக்கிற நிறத்தை ஒழுங்குபடுத்தும். இல்லாத நிறத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

பட்டியலில் "100% எஸ்ஆர்ஜிபி" அல்லது "72% என்டிஎஸ்சி" என்று இருக்கிறதா பாருங்கள். நிறக் கணக்கே போடவில்லையென்றால் 45% என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு விதப் பேனலோடு விற்கும் மாடல்களும் உண்டு. அதனால் முழு மாடல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கடையில் ஓடும் டெமோ வீடியோவை நம்பாதீர்கள், அது எந்த ஸ்கிரீனையும் அழகாகக் காட்டத்தான் எடுக்கப்பட்டது. அரக்குப் புடவையும் ரோஜா மாலையும் உள்ள உங்கள் படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். நீங்கள் பார்க்கும் லேப்டாப்பிலும், அங்கே உள்ள 100% எஸ்ஆர்ஜிபி லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். மாலையின் நடு இதழ்கள் ஒன்றில் தனித்தனியாகத் தெரியும், இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும்.

ஓஎல்இடி என்றால் யோசிக்காமல் வாங்குவது

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஸ்கிரீன் ஓஎல்இடி. நிறம், கறுப்பு இரண்டிலும் இதற்கு ஈடில்லை. ஆனால் போட்டோஷாப்பின் டூல்பார் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால், காலப்போக்கில் அதன் தடம் ஸ்கிரீனில் படிய வாய்ப்புண்டு. அப்புறம், வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல ஓஎல்இடி ஸ்கிரீன்கள் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். சிலருக்குத் தலைவலி வரும். கடையிலேயே பிரைட்னஸைக் குறைத்துவிட்டு, போன் கேமராவில் ஷட்டர் வேகத்தை ஏற்றிப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் மினுக்குகிறது என்று அர்த்தம். வாங்கினாலும் முதல் வேலையாக "விவிட்" மோடிலிருந்து எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பார்க்காமல் விடுவது

ஸ்கிரீன் வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள். அறைக்குள் 250 நிட்ஸ் சமாளிக்கும். மண்டபத்தில் உட்கார்ந்து அங்கேயே படம் தேர்வு செய்கிறவர்களுக்கு 300 குறைந்தபட்சம், 400 நல்லது. பளபளப்பான ஸ்கிரீன் என்றால் மேலே எரியும் லைட்டெல்லாம் அதில்தான் தெரியும்.

144 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுப்பது

நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் ஸ்கிரீன் இது. கேமுக்கு உதவும். ஆல்பத்துக்கு உதவாது.

டச் ஸ்கிரீன்

வேண்டாம்.

வாங்கிய லேப்டாப்பை நஷ்டத்துக்குத் தள்ளிவிடுவது

45% ஸ்கிரீன் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? விற்க அவசரப்படாதீர்கள். 100% எஸ்ஆர்ஜிபி உள்ள தனி ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றை ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, நிறம் திருத்துவதை அதில் மட்டும் செய்யுங்கள். பேனலையே மாற்றலாம் என்றால், ஆர்டர் போடும் முன் சர்வீஸ் செய்பவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய பேனலின் முதுகில் அதன் எண் ஒட்டியிருக்கும். கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, திருகு மாட்டும் காது இருக்கிறதா இல்லையா, இரண்டும் புதிய பேனலோடு பொருந்த வேண்டும்.