செகண்ட் ஹேண்ட் ஃபிட்னஸ் வாட்ச்: வாங்கும்போதும் விற்கும்போதும் என்ன பார்க்க வேண்டும்?

நடையோ ஓட்டமோ புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்று நான்கு வருடம் பழைய, நல்ல நிலையில் உள்ள வாட்ச் தாராளமாகப் போதும். ஜிபிஎஸ், இதயத் துடிப்பு, தூரம், வேகம் எல்லாம் 2021-இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55-லேயே இருக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அந்த வாட்ச் இன்னும் யாருடைய அக்கவுண்டில் இருக்கிறது என்று கேட்பதில்லை. பணம் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

படி 1: முதலில் உங்கள் போனைப் பாருங்கள்

ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும், ஆண்ட்ராய்டோடு சேராது. சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4-உம் அதற்குப் பிறகு வந்தவையும் ஐபோனோடு சேராது. கார்மின், அமேஸ்ஃபிட் வாட்சுகள் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டோடும் சேரும்.

அப்புறம் மாடலின் வயது. ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 3, வாட்ச்ஓஎஸ் (வாட்சை இயக்கும் மென்பொருள்) 8-ஓடு நின்றுவிட்டது. சீரீஸ் 4, 5, முதல் தலைமுறை எஸ்இ ஆகியவற்றுக்கு வாட்ச்ஓஎஸ் 11 கிடையாது. விலை குறைவாகத் தெரிந்தால் இதுவும் ஒரு காரணம். ஃபிட்பிட் அயானிக்கை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பேட்டரி சூடாகித் தீக்காயம் ஏற்பட்டதால் 2022-இல் நிறுவனமே திரும்பப் பெற்ற மாடல் அது.

படி 2: நேரில் பார்த்து, கையில் கட்டிப் பார்த்து வாங்குங்கள்

ஓஎல்எக்ஸில் பார்த்தாலும் சரி, சென்னை ரிச்சி தெருவில் பார்த்தாலும் சரி, முன்பணம் அனுப்பாதீர்கள். பகல் வேளையில், திறந்த வெளி பக்கத்தில் இருக்கும் இடத்தில் சந்திப்பது நல்லது. ஜிபிஎஸ்ஸைச் சோதிக்க வானம் தெரிய வேண்டும்.

விற்பவரின் போனிலிருந்து வாட்சை உங்கள் கண்முன்னே அன்பேர் செய்யச் சொல்லுங்கள், அதாவது போனோடு உள்ள இணைப்பை நீக்கச் சொல்லுங்கள். ஆப்பிள் வாட்சில் இது மிக முக்கியம். வாட்சின் செட்டிங்ஸில் போய் அழித்துவிட்டால் மட்டும் ஆக்டிவேஷன் லாக் போகாது. மறுபடி ஆன் செய்தால் பழையவரின் ஆப்பிள் ஐடியையும் பாஸ்வேர்டையும் கேட்கும். அவருடைய ஐபோனில் உள்ள வாட்ச் ஆப்பிலிருந்து அன்பேர் செய்தால் லாக்கும் சேர்ந்து நீங்கும். “வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன், நீங்கள் பணத்தைப் போடுங்கள்” என்று சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கார்மினில் இவ்வளவு கெடுபிடி இல்லை என்றாலும், அவருடைய கனெக்ட் ஆப்பிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். பிறகு அங்கேயே உங்கள் போனோடு இணையுங்கள். ஆப்பிள் என்று சொல்லி விற்கும் வாட்ச், ஐபோனின் வாட்ச் ஆப்பை விட்டுவிட்டு வேறு ஏதோ ஆப்பை இறக்கச் சொன்னால் அது போலி.

இணைந்ததும் கையில் கட்டுங்கள். பின்புறத்துப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மற்றக் கை விரலைக் கழுத்து நாடியில் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வாட்ச் காட்டுவதும் நீங்கள் எண்ணியதும் ஏறக்குறைய ஒத்துப்போனால் சென்சார் சரி.

அடுத்து பேட்டரி. ஆப்பிள் வாட்சில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் சதவீதம் தெரியும். 80-க்குக் கீழே என்றால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கார்மினுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஃபோர்ரன்னர் 55 புதிதாக இருக்கும்போது ஜிபிஎஸ்ஸோடு 20 மணி நேரம் வரை நிற்கும், அதாவது மணிக்கு 5 சதவீதம். அரை மணி நடையில் 2 அல்லது 3 சதவீதம் குறைந்தால் நல்ல பேட்டரி. 7, 8 குறைந்தால் தேய்ந்த பேட்டரி.

சார்ஜ் ஏறும் முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். வியர்வை உப்பு படிந்து பச்சை பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரிஜினல் சார்ஜரையும் கேட்டு வாங்குங்கள்.

படி 3: கட்டிக்கொள்ளும் முறை

ஸ்ட்ராப்பை முதலில் மாற்றிவிடுங்கள். உங்கள் வயது, உயரம், எடையைச் சரியாகப் பதியுங்கள். கலோரி கணக்கு அதை வைத்துத்தான் வருகிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். ஓடத் தொடங்கும் முன் ஜிபிஎஸ் கிடைத்துவிட்டதா என்று பார்த்து ஸ்டார்ட் அழுத்துங்கள். பழைய வாட்சில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம், அதனால் 5 ஏடிஎம் (நீர் அழுத்தத்தைத் தாங்கும் அளவு) என்று எழுதியிருந்தாலும் நீச்சலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

படி 4: விற்கும்போது

அன்பேர் செய்யுங்கள், பிறகு ரீசெட் செய்யுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. கார்மின் போன்ற வாட்சுகளுக்குள் நீங்கள் ஓடிய பாதைகள் பதிவாகியிருக்கும். பெரும்பாலும் அவை உங்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கும். ஒத்திசைத்த பயிற்சிக் கணக்கெல்லாம் உங்கள் அக்கவுண்டில் பத்திரமாக இருக்கும். வாட்சில் இ-சிம் இருந்தால் அந்தத் திட்டத்தையும் ரத்து செய்யுங்கள்.

விளம்பரத்தில் பேட்டரி நிலையையும் கீறல்களையும் மறைக்காமல் போடுங்கள். நேரில் வந்து பேரம் இழுப்பது குறையும். பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. அனுப்பிவிட்டேன் என்று அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்துவிட்டு வாட்சைக் கையில் கொடுங்கள்.