தேரூர் குளத்துக்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு

தேரூருக்குப் பக்கத்துச் சுசீந்திரம் குளத்தோரம் காரை நிறுத்தி, நாலு படம் எடுத்துவிட்டுக் கன்னியாகுமரிக்குப் போய்விடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். வடக்கேயிருந்து வரும் நீலச்சிறகி வாத்துகள் அப்போது இங்கே இருக்கும். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி பஸ் பிடித்து சுசீந்திரத்தில் இறங்குங்கள். வெளிச்சம் வந்ததும் கரையில் இருக்க வேண்டும். வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும். 8 மடங்கு பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் கை அசைவில் பறவை ஆடும்.

பெயர் தேடுவதற்கு முன் அலகைப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். மஞ்சள்மூக்கு நாரை அலகைக் கொஞ்சம் திறந்து தண்ணீருக்குள் விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே நடக்கும். மீன் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரிலும் அதற்கு இரை கிடைப்பது இதனால்தான். தாமரை இலைமேல் நடப்பது இலைக்கோழி. அதன் கால் விரல்களின் நீளத்தைப் பாருங்கள், ஏன் மூழ்கவில்லை என்று புரியும்.

அப்புறம், தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளாமல் வயல் பக்கம் வாருங்கள். முக்கியமான விஷயம் இதுதான். தேரூர் குளத்துக்குக் கீழே அப்பா பயிர் செய்த அரை ஏக்கர் இருக்கிறது. ஆள் கிடைக்காமல் எட்டு வருஷமாக நடவு இல்லை, கோரை மண்டிவிட்டது. மண்ணடித்து மனை போடலாம் என்று கேட்டு வந்தார்கள், நான் கொடுக்கவில்லை. மழைத் தண்ணீர் கட்டி நிற்கும் அந்தக் கோரைக்குள் நீலத்தாழைக்கோழி நடக்கிறது. நம் காலடியில் இருந்து உள்ளான் பறவை வளைந்து வளைந்து பறக்கிறது. குளத்தில் அடையும் கொக்குக்கு இரை பாதி வயலில்தான். 2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் சுற்றியுள்ள நஞ்சையெல்லாம் மனையானால் இந்தப் பறவைகள் எங்கே மேயும்?

வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். பயிர் நிற்கும் வயலென்றால் உடையவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பிறகு ஒரு மூலையில் இருபது நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். ஒளிந்திருந்ததெல்லாம் தானே வெளியே வரும்.

கூட்டம் பறக்கிற படம் வேண்டுமென்று ஒருவர் கல்லெறிந்ததைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்காகத்தான் அவை இங்கே தின்று கொழுப்புச் சேர்க்கின்றன.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும். நேரமிருந்தால் பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்கும் போய் வாருங்கள். அங்கே அலையாத்தி மரங்களும் ஆலா என்ற கடற்பறவைகளும் இருக்கின்றன.