மாலத்தீவில் ‘ஆல் இன்க்ளூசிவ்’ ரிசார்ட்: சென்னையிலிருந்து முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

அம்மா, மனைவி, ஏழாவது படிக்கும் மகள், நான் என்று நாலு பேர் மயிலாப்பூரிலிருந்து கிளம்பி மாலத்தீவில் நாலு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “எல்லாம் சேர்த்துன்னு சொல்றாங்களே, நிஜமாவே எல்லாம் சேர்த்தா?”

சேர்ந்ததும் உண்டு, சேராததும் உண்டு. எது எது என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட்டால், தீவில் இறங்கியபிறகு பர்ஸை எடுக்கவே வேண்டாம். அந்த நிம்மதிக்குத்தான் நாம் கூடுதலாகப் பணம் கொடுக்கிறோம். நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன், நாங்கள் தவறவிட்டதையும் சேர்த்து.

படி 1: உங்கள் வீட்டுக்கு எந்தத் திட்டம் என்று முடிவு செய்யுங்கள்

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் இருக்கின்றன. ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க அந்த ஒரே ரிசார்ட்தான். 1972-ல் குரும்பா தீவில் முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்து அப்படித்தான். வெளியே போய் ஒரு டீ குடிக்கலாம் என்றால் டீக்கடை கிடையாது, சுற்றிலும் கடல். அதனால் சாப்பாட்டுத் திட்டம் இங்கே மிக முக்கியம்.

காலை உணவு மட்டும், காலையும் இரவும் (ஹாஃப் போர்டு), மூன்று வேளையும் (ஃபுல் போர்டு), அதற்கு மேல் குடிப்பதும் கொறிப்பதும் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ் என்று பொதுவாக நாலு வகை. மது அருந்தாத குடும்பம் என்றால் ஃபுல் போர்டே போதும் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே மெனு கார்டில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் 17% சுற்றுலா ஜி.எஸ்.டி. என்று அர்த்தம். 12 டாலர் என்று போட்டிருக்கும் ஒரு ஜூஸ் பில்லில் ஏறக்குறைய 15 டாலர் 44 சென்ட் ஆகிவிடும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை ஜூஸ் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு திட்டங்களுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எழுதி, பக்கத்தில் உங்கள் வீட்டுப் பழக்கத்தை எழுதிப் பாருங்கள். விடை வீட்டுக்கு வீடு மாறும்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் மாஃபுஷி மாதிரி மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. செலவு நன்றாகக் குறையும். அங்கே மது கிடையாது, நீச்சல் உடையில் இருக்க அதற்கென்று ஒதுக்கிய கடற்கரைக்குத்தான் போக வேண்டும். அதுவும் நல்ல பயணம்தான், ஆனால் வேறு மாதிரிப் பயணம்.

படி 2: பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளை மெயிலில் கேளுங்கள்

போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் “ஆமா சார், இன்க்ளூடட்” என்றுதான் பதில் வரும். எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்தவர் படகுப் பயணம் சேர்த்துதான் என்று போனில் சொன்னார். போன பிறகுதான் தெரிந்தது, போகும்போது மட்டும் சேர்த்தி, திரும்புவதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்று. நாலு பேருக்குக் கட்டினோம். அவர் சொன்னதற்கு எழுத்தில் ஒன்றுமில்லாததால் திரும்பிவந்தும் கேட்க முடியவில்லை. அதனால் மெயில்.

– விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகவும் வரவும், இரண்டுக்கும் சேர்த்தா?
– எந்த எந்த ரெஸ்டாரண்ட்? பஃபே மட்டுமா, மற்றவற்றிலும் ஒருநாள் சாப்பிடலாமா?
– அறையில் இருக்கும் மினிபார் சேர்த்தியா? தினமும் நிரப்புவார்களா?
– முதல் நாள் மதியச் சாப்பாடு உண்டா? கடைசி நாள் எத்தனை மணி வரை?
– ஸ்நார்க்லிங் (முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) கண்ணாடி, துடுப்புக் காலணி, லைஃப் ஜாக்கெட் இலவசமா, வாடகையா?
– கிரீன் டாக்ஸ் (சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் சுற்றுச்சூழல் வரி) விலையில் சேர்ந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் கிரீன் டாக்ஸ். நாலு பேர், நாலு இரவு என்றால் 192 டாலர்.

இந்திய ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், பான் எண் கேட்பார்கள். அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

படி 3: மாதம்

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு, கடல் அமைதி, விலை அதிகம். அரையாண்டு லீவும் பொங்கல் லீவும் அதற்குள்தான் வரும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும், நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் பாதி மழையோடுதான் போகும். விலை இறங்கியிருக்கும். நாள் முழுக்கக் கொட்டும் என்றில்லை, விட்டுவிட்டுப் பெய்யும். ஆனால் கடலுக்கடியில் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், தண்ணீர் தெளிவாக இருக்கும் மார்ச், ஏப்ரலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து. ஒரு விதிவிலக்கு: பா அடோல் என்ற வளையத் தீவுக்கூட்டத்தில் இருக்கும் ஹனிஃபாரு வளைகுடாவில் மான்டா திருக்கைகள் கூட்டமாக வருவது மழைக்காலத்தில்தான்.

படி 4: விமானத்துக்கு முன் தீவுப் போக்குவரத்தைப் பாருங்கள்

புதிதாகப் போகிறவர்கள் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். தலைநகர் மாலேயின் விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து பக்கத்துத் தீவுகளுக்கு ஸ்பீட்போட், தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம் அல்லது உள்நாட்டு விமானம். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் மாலேயில் இறங்கினால் அன்றைக்குத் தீவுக்குப் போக முடியாது. ஓர் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலே தீவில் ரூம் போட்டுத் தங்க வேண்டும், ரிசார்ட்டில் கட்டிய முதல் நாள் பணம் வீண்.

சென்னையிலிருந்து நேராகப் பறந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நேரடி விமானம் கிடைக்காத நாளில் கொழும்பு வழியாகவோ பெங்களூரு வழியாகவோ போகலாம். எதுவானாலும் மதியத்துக்குள் மாலேயில் இறங்குகிற மாதிரி எடுங்கள்.

முதல் முறை என்றால் ஸ்பீட்போட் தூரத்தில் இருக்கும் தீவையே எடுக்கச் சொல்வேன். கடல் விமானத்துக்கு ஆளுக்குப் பல நூறு டாலர் ஆகும், பெட்டியையும் பெரும்பாலும் 20 கிலோவுக்குள் அடக்க வேண்டும். ஆனால் மேலிருந்து தெரியும் அந்த நீல வளையங்களைப் பார்க்க ஆசை இருந்தால் தடுக்க மாட்டேன்.

படி 5: தாள்களும் பெட்டியும்

விசா அங்கே இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் உறுதிச் சீட்டும் கையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற அரசுத் தளத்தில் ஒவ்வொருவருக்கும் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

மது, பன்றி இறைச்சி, வேப் (மின் சிகரெட்) எதுவும் எடுத்துப் போகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளும் கூடாது. அம்மா எங்கே போனாலும் கட்டைவிரல் அளவுப் பித்தளைப் பிள்ளையாரைக் கைப்பையில் வைத்திருப்பார். முந்தின நாள் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. பிறகு அவரே எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்து, “வீட்டைப் பாத்துக்கோப்பா” என்று சொல்லிவிட்டு வந்தார். இதை முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் சொல்லாதீர்கள்.

அங்கே பிளக் பெரும்பாலும் மூன்று சப்பைக் கால் வைத்த பிரிட்டிஷ் மாதிரி, அடாப்டர் ஒன்று வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை கட்டாயம். முதுகைத் தண்ணீருக்கு மேலே காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் மிதந்தால் தோல் உரிந்துவிடும். டிப்ஸுக்கு ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம். ரிசார்ட்டில் டாலரும் கார்டும் செல்லும், உள்ளூர்ப் பணமான ருஃபியா மாற்றத் தேவையில்லை.

படி 6: இறங்கிய நாள்

கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் வையுங்கள். சில ரிசார்ட்டுகள் மாலே நேரத்துக்கு ஒரு மணி முன்னால் தங்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கும். ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள், படகைத் தவறவிட வேண்டாம்.

படி 7: சாப்பாடு

சைவம் என்றால் முன்பே மெயிலில் சொல்லிவிடுங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது, முட்டை இல்லை, மீன் இல்லை, மாசி இல்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். நாம் மாசிக் கருவாடு என்று சொல்கிறோமே, அது இவர்களுடைய சூரை மீன்தான். திவேஹி மொழியில் ‘மாஸ்’ என்றால் மீன். தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாயோடு சூரையைப் பிசைந்து செய்யும் மாஸ் ஹுனிதான் அங்கே காலைப் பலகாரம், ‘ரோஷி’ என்ற ரொட்டியோடு. பார்த்தால் நம் தேங்காய்ச் சட்னி மாதிரித் தெரியும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பஃபேயின் பாஸ்தாவை விட்டுவிட்டு இதைச் சாப்பிடுங்கள்.

இரண்டாம் நாள் அம்மா சாதமும் தயிரும் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பரிமாறுகிற பையன் ஒருவன் வந்து “என்னம்மா, ரசம் வைக்கச் சொல்லவா?” என்றான். தூத்துக்குடிப் பையன். காய்கறியே எங்கள் ஊரிலிருந்து தோணியில் வருகிறது அம்மா என்று சொன்னான். தூத்துக்குடியிலிருந்து மாலேக்குத் தோணியில் சரக்குப் போவது பழைய வியாபாரம். மாலத்தீவுக்காரர்கள் தங்கள் படகையே ‘தோனி’ என்றுதான் சொல்கிறார்கள். சமையலறையிலும் பரிமாறுகிற இடத்திலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்க வாய்ப்பு உண்டு, முதல் நாளே விசாரியுங்கள்.

படி 8: கடலில் இறங்குவது

இதற்குத்தான் போகிறோம். பஃபே வரிசையில் காலையைக் கழிக்காதீர்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் ஊரிலேயே ஏதாவது நீச்சல் குளத்தில் பத்து நாள் பழகிவிட்டுப் போங்கள். குறைந்தது தலையைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடப் பழகினால் போதும். மெரினாவில் முழங்கால் நனைத்துப் பழகிய நமக்கு அங்கே லகூனில் (பவளப்பாறைக்கு உள்ளே அடங்கிய ஆழமில்லாத கடல்) இடுப்பளவுத் தண்ணீர் அசையாமல் கிடப்பதைப் பார்த்தால் தைரியம் வந்துவிடும். பவளப்பாறை முடிகிற விளிம்பில் தரை திடீரென்று இறங்கிவிடும், நீரோட்டமும் இருக்கும். லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தனியாகப் போகாதீர்கள், அன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கலாம் என்று டைவ் சென்டரில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கண்ணாடியை முகத்தில் வைத்து, வாரைப் போடாமல், மூக்கால் மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். கண்ணாடி முகத்தில் ஒட்டி நின்றால் சரியான அளவு. தலைமுடி ஒன்று சிக்கினாலும் தண்ணீர் வரும். பனிமூட்டம் போடாமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவுங்கள், டைவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

மகள் முதல் இரண்டு தடவை பதறி எழுந்துவிட்டாள். மூன்றாவது தடவை நான் கையைப் பிடித்திருந்தேன். அப்படியே மிதந்தாள். கொஞ்ச நேரத்தில் என் கையை இறுக்கினாள். எங்களுக்குக் கீழே ஒரு கிளிமீன், பச்சையும் ஊதாவுமாக, பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. கடுக், கடுக் என்று அந்தச் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. அது பவளப்பாறையைக் கடித்து அரைத்து வெளியேற்றுவதுதான் அந்தக் கடற்கரையின் வெள்ளை மணலில் பெரும்பகுதி. பெசன்ட் நகர் மணலையே பார்த்து வளர்ந்தவள், கரைக்கு வந்ததும் ஒரு கைப்பிடி அள்ளி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாறைமேல் கால் வைக்காதீர்கள், தொடாதீர்கள். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்துப்போயின. மிஞ்சியதை நாம் மிதித்து உடைக்க வேண்டாம். கரையோரம் முழங்கால் ஆழத்தில் சின்னச் சுறாக் குட்டிகள் சுற்றும், துடுப்பு நுனி கறுப்பாக இருக்கும். வம்புக்குப் போகாமல் இருந்தால் அவை நம்மை ஒன்றும் செய்யாது.

படி 9: கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம்

பில்லைக் கடைசி நாள் காலையில் பார்க்காதீர்கள், அப்போது எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். முந்தின சாயங்காலமே கேட்டு வாங்கி, உங்கள் மெயிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். எங்கள் பில்லில் மினிபார் தண்ணீர் இரண்டு பாட்டில் ஏறியிருந்தது. மெயிலைக் காட்டியதும் உடனே எடுத்துவிட்டார்கள். படகு அல்லது கடல் விமான நேரத்தையும் அன்றைக்கே சொல்வார்கள், அதற்குத் தகுந்தாற்போல் பெட்டியைக் கட்டிவிடுங்கள். பெட்டியை மூடும் முன் பிள்ளைகளின் பையை ஒருமுறை பாருங்கள். பவளத் துண்டு எடுத்து வர அங்கே சட்டம் இடம் தராது. எங்கள் மகள் பையில் மூன்று இருந்தன. படகு ஏறும் முன் அவளே போய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தாள்.