மணி அடிக்கிறது, குரல் கேட்கவில்லை: சிப் அழைப்பைப் படித்துப் பழுது கண்டுபிடிப்பது எப்படி

இணைய போன் போட்ட அலுவலகங்களில் அடிக்கடி வரும் புகார் இது: மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை. உடனே 'நெட் ஸ்லோ' என்று சொல்லிவிடுவார்கள். பாவம், பெரும்பாலும் நெட் மேல் தப்பே இருக்காது. அழைப்பை ஏற்படுத்தும் சிக்னலிங் ஒரு வழியில் போகிறது, குரல் வேறு வழியில் போகிறது. மணி அடித்தது என்றால் முதல் வழி சரியாக இருக்கிறது என்பது மட்டும்தான் அர்த்தம்.

சிக்னலிங்குக்கு இன்று பரவலாக இருப்பது சிப், அதாவது போன்களும் சர்வரும் அழைப்பை ஏற்படுத்தப் பேசிக்கொள்ளும் நெறிமுறை. 1999-இல் முதல் வடிவம் வந்தது, இப்போது புழங்குவது 2002-இல் ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. செய்திகள் எல்லாம் வெறும் எழுத்து, கண்ணால் படிக்கலாம் என்பதுதான் நமக்குப் பெரிய வசதி.

அழைப்புகளை இணைக்கும் உங்கள் லினக்ஸ் சர்வரில், சிப் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப் என்ற கருவியைப் போட்டு, ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) திறந்து, ஒரு அழைப்பு செய்து பாருங்கள். பட்டியலில் அந்த அழைப்பின் மேல் என்டர் தட்டினால் யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்று அம்புக்குறிகளோடு விரியும். டிஎல்எஸ் என்ற குறியாக்கம் போட்டிருந்தால் படிக்க முடியாது, சோதனைக்கு மட்டும் குறியாக்கம் இல்லாத சாதாரண யுடிபி 5060 போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் (வேலை முடிந்ததும் திரும்ப மாற்றிவிடுங்கள், 5060-ஐத் திறந்து வைத்தால் பாஸ்வேர்டு தேடும் பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள் வந்து மொய்க்கும்).

ஒழுங்கான அழைப்பு இப்படி இருக்கும்: இன்வைட் என்ற அழைப்புச் செய்தி போகிறது, 100 டிரையிங் வருகிறது, 180 ரிங்கிங் வருகிறது, எடுத்ததும் 200 ஓகே, அதற்கு அழைத்தவர் ஏசிகே என்ற ஒப்புதல் அனுப்புகிறார், கடைசியில் யாராவது பை சொல்லி அழைப்பை முடிக்கிறார்கள். நடுவில் 401 அல்லது 407 வந்தால் பயப்பட வேண்டாம், சர்வர் பாஸ்வேர்டு கேட்கிறது, அவ்வளவுதான். அதே 401 திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் பாஸ்வேர்டைச் சரிபாருங்கள். 486 என்றால் பிஸி, 488 என்றால் பெரும்பாலும் இரு பக்கத்துக்கும் பொதுவான கோடெக் (குரலை டேட்டாவாக்கும் முறை) இல்லை.

சரி, இனி குரல் விஷயம். இன்வைட்டையும் 200 ஓகேயையும் திறந்தால் அடியில் குரலை எங்கே, எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எஸ்டிபி என்று ஒரு பகுதி இருக்கும். அதில் இரண்டு வரிகள் போதும்:

சி=ஐஎன் ஐபி4 192.168.1.23
எம்=ஆடியோ 10234 ஆர்டிபி/ஏவிபி 0 8 101

'எனக்குக் குரலை இந்த முகவரிக்கு, 10234 போர்ட்டுக்கு அனுப்பு' என்கிறது அந்த போன். 0, 8 இரண்டும் ஜி.711 கோடெக்குகள், 101 வழக்கமாக நாம் அழுத்தும் பொத்தான்களுக்கு. வில்லங்கம் முகவரியில் இருக்கிறது. 192.168 என்பது வீட்டு ரவுட்டருக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் முகவரி, வெளியே இருக்கும் சர்வர் அதற்கு அனுப்பும் பாக்கெட் எங்கேயும் போய்ச் சேராது.

அதனால் யாருக்குக் கேட்கவில்லையோ அவர் பக்கத்திலிருந்து போன எஸ்டிபியை முதலில் பாருங்கள். வீட்டில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால் அவருடைய போன் உள்முகவரியைக் கொடுத்திருக்கும். உங்கள் சர்வரில் ஓடுவது ஆஸ்டெரிஸ்க் என்ற போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் என்றால், அதில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு (அந்த போனின் உள் எண்ணுக்கு) ஆர்டிபி சிமெட்ரிக் என்ற அமைப்பை இயக்கினால், எஸ்டிபி சொல்வதை நம்பாமல் பாக்கெட் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும். அவர் பேசுவது யாருக்குமே கேட்கவில்லை என்றால் சர்வர் தன்னுடைய 10-இல் தொடங்கும் உள்முகவரியைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம், கிளவுட் சர்வர்களில் இது சகஜம். ஆஸ்டெரிஸ்கின் எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ் என்ற அமைப்பில் பொது ஐபியைப் போடுங்கள். முகவரி எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லையா, ஃபயர்வாலில் குரலுக்கான யுடிபி போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா பாருங்கள். பலரும் 5060-ஐ மட்டும் திறந்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

இன்னொரு புகார், பேச்சு நன்றாகப் போய்க்கொண்டே இருந்து சரியாக 32 விநாடியில் கட் ஆவது. இதற்குக் காரணம் ஏசிகே வந்து சேராதது. எடுத்தவர் பக்கம் 200 ஓகேயை அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று இடைவெளி கூட்டிக்கொண்டே மறுபடி மறுபடி அனுப்பும், 32 விநாடி பொறுத்துவிட்டு பை சொல்லிவிடும். எஸ்என்கிரெப்பில் ஒரே 200 வரிசையாக நிற்பது கண்ணில் படும். 200-இல் உள்ள கான்டாக்ட் வரியில் எட்ட முடியாத முகவரி இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி (சிப் செய்திகளில் உள்ள முகவரிகளை ரவுட்டரே மாற்றும் வசதி) என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். உதவி செய்வதற்காக வைத்தது, என் கணக்கில் அது செய்ததைவிடக் கெடுத்ததுதான் அதிகம்.

வீடியோ வராமல் குரல் மட்டும் வந்தால் பதில் எஸ்டிபியில் 'எம்=வீடியோ 0' என்று இருக்கிறதா பாருங்கள். போர்ட் 0 என்றால் எதிர்ப்பக்கம் வீடியோவை மறுத்துவிட்டது.

பிரவுசர் வழி அழைப்பான வெப்ஆர்டிசியிலும் இதே எஸ்டிபிதான், ஆனால் அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தரநிலை எதுவும் சொல்லவில்லை, வெப்சாக்கெட்டோ எதுவோ உங்கள் இஷ்டம். முகவரிச் சிக்கலுக்கு ஐஸ் என்ற முறை இருக்கிறது: உள்முகவரி, ஸ்டன் சர்வர் சொல்லும் பொது முகவரி, டர்ன் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும் முகவரி எல்லாவற்றையும் இரு பக்கமும் பரிமாறிச் சோதித்துப் பார்க்கும். ஆபீஸ் வைஃபையில் ஓடுவது மொபைல் டேட்டாவில் ஓடவில்லை என்றால் டர்ன் சர்வர் இல்லாமலோ, இருந்தும் அதன் பாஸ்வேர்டு காலாவதியாகியோ இருக்கலாம். ரிலே வழியை, அதாவது டர்ன் வழியை மட்டும் பயன்படுத்து என்று கட்டாயப்படுத்தி ஒரு அழைப்பு போட்டால், டர்ன் வேலை செய்கிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.