போர்க்காலப் பங்கு வரலாறு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூற்றாண்டு மலருக்குப் பங்கு வரலாறு, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் பற்றிய வரலாறு, எழுதுகிறவர்கள் கட்டுரையை என்னிடம் காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. எழுத்துப்பிழையும் ஆண்டுக் குழப்பமும் மெய்ப்புப் பார்க்கும்போது சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாகிவிடாதவை.

வெற்றுப் பக்கத்தைப் பார்த்து ஊரைக் காலி செய்வது

இது இன்னும் எரிச்சலூட்டுகிறது. புதுச்சேரிப் பக்கத்துப் பழைய பங்கு ஒன்றைப் பற்றி ஒரு தம்பி, 1914 கடைசியில் மக்கள் ஊரைவிட்டே போய்விட்டதாக எழுதியிருந்தார். ஆதாரம்? ஞானஸ்நானப் பதிவேட்டில் பல மாதங்களுக்கு ஒரு வரிகூட இல்லையாம். கொள்ளைநோய் என்று ஒரு காரணத்தையும் அவராகவே சேர்த்துவிட்டார்.

அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி குருக்களுக்கும் படைச்சேவை கட்டாயமாக இருந்தது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் இங்கிருந்த பிரெஞ்சுக் குருக்கள் பலருக்கு அழைப்பு வந்தது. அந்தப் பங்குச் சாமியாரும் கப்பலேறினார். இதைச் சொல்லும் அவருடைய கடிதத்தின் நகல் தம்பியின் கையிலேயே இருந்தது! மக்களைப் பக்கத்துப் பங்குச் சாமியாரிடம் ஒப்படைத்த செய்தியும் அதில் உண்டு. தம்பியோ அதிலிருந்து இரண்டு பக்தி வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். பக்கத்துப் பங்குப் புத்தகத்தைத் திறந்தால், விடுபட்ட குழந்தைகள் எல்லாம் ஊர்ப் பெயரோடு வரிசையாக இருக்கிறார்கள். அதற்குள் மலர் அச்சாகிவிட்டது. இப்போது ஊர்ப் பெரியவர்களே கொள்ளைநோய்க் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். இனி யார் மறுத்து எழுதினாலும் எடுபடாது.

பதிவேட்டில் இடைவெளி கண்டால் முதலில் சாமியார் எங்கே என்று தேடுங்கள். அப்புறம் பக்கத்துப் பங்கின் புத்தகம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில், சாமியாருக்கு உதவியாக மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரே ஞானஸ்நானம் கொடுக்கலாம். அந்தப் பதிவு பிந்தைய பக்கங்களில் தேதி வரிசை தப்பி வந்திருக்கலாம்.

அச்சான கடிதத்தை அப்படியே நம்புவது

போர்முனைக் கடிதங்களில் இடத்தின் பெயர் எழுதத் தடை இருந்தது. போதாததற்கு, அவற்றை அச்சிட்ட மிஷன் பத்திரிகைக்காரர்களும் தங்கள் பங்குக்குக் கத்தரி வைப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அச்சான சேசு சபைத் (ஜெசுவிட்) துறவிகளின் கடிதங்களும் பதிப்பாளர் கைபட்டவைதான். மூலம் கிடைக்கும் என்றால் அதைப் பாருங்கள்.

ஊருக்கு ஒரே பதிவேடு என்று நினைப்பது

19ஆம் நூற்றாண்டில் பதுரவாதோ குருக்களும் (போர்ச்சுகல் அரசின் ஆதரவு உரிமையின் கீழ் இருந்தவர்கள்) புரொப்பகாந்தா குருக்களும் (ரோமின் மறைபரப்புப் பேராயத்தின் கீழ் இருந்தவர்கள்) ஒரே ஊரில் தனித்தனிக் கோயில் நடத்திய இடங்கள் உண்டு. பதிவேடும் இரண்டு.

பதிவேட்டின் ஓரத்தை விட்டுப் படம் எடுப்பது

1908க்குப் பிறகு, திருமண விவரத்தை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்பது விதி. முழுப் பக்கத்தையும் எடுங்கள்.