வீட்டில் செய்த மிக்ஸை விற்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண மிக்ஸ், கானா ரீமிக்ஸ், மாஷப் (பல பாட்டுகளைக் கலந்து ஒன்றாக்குவது) என்று லேப்டாப்பில் செய்து விற்கத் தொடங்கும் புதியவர்கள், முன்னால் வந்தவர்கள் சிக்கிய அதே இடங்களில்தான் சிக்குகிறார்கள். திருட்டுத்தனமாக இறக்கிய பாட்டை விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

ஒரே அனுமதியோடு கிளம்புவது

இதுதான் அதிகம் செலவு வைப்பது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலாகவும் இருக்கிறது. ஒரு பாட்டில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு. "லேபிள்காரரிடம் (பாட்டை வெளியிட்ட இசை நிறுவனத்திடம்) கேட்டுவிட்டேன்" என்பவர் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கு மட்டும்தான் கேட்டிருப்பார். வரிக்கும் மெட்டுக்குமான உரிமை அதே லேபிளிடமே இருக்கலாம், வேறு இடத்திலும் இருக்கலாம். மூன்றுக்கும் உரிமையாளர் யார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பாரதியார் பாடல்களைப் பாருங்கள். உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. வரிகளை யாரும் எடுத்தாளலாம். ஆனால் சினிமாவில் அதற்குப் போட்ட மெட்டு இசையமைப்பாளருடைய படைப்பு, ரெக்கார்டிங்குக்கும் தனி உரிமை உண்டு. அந்த ட்ராக்கிலிருந்து குரலை வெட்டி பீட் மேல் ஒட்டினால் "பாரதியார் பாட்டுதானே" என்ற பதில் நிற்காது.

காலக்கணக்கும் வேறு வேறு. 1960-ல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பழைய பாட்டு என்ற நம்பிக்கை இங்கேதான் கவிழ்கிறது.

"நானே திரும்பப் பாடிவிட்டேன்" என்பதும் போதாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு கவர் பாட்டுக்கு வழி விடுகிறது. ஆனால் முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், பொதுவாக ஆண்டுக்கு 50,000 பிரதிகளுக்காவது ராயல்டி (உரிமையாளருக்கான பங்குத்தொகை) கட்ட வேண்டும், சம்மதமில்லாமல் பாட்டை மாற்றக் கூடாது. மெட்டை உடைத்துப் புது பீட் போடும் ரீமிக்ஸ் இதற்குள் அடங்காது.

"அடுத்தவர் பாட்டை 30 விநாடி வரை எடுத்தால் பரவாயில்லை"

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை.

மண்டப லைசென்ஸை நம்பி பென்டிரைவ் விற்பது

ஐபிஆர்எஸ் (வரி, மெட்டு உரிமைக்கான அமைப்பு), பிபிஎல் (ஒலிப்பதிவு உரிமைக்கான அமைப்பு) ஆகியவற்றிடம் நிகழ்ச்சிக்கு வாங்கும் லைசென்ஸ், பாட்டை அங்கே ஒலிக்கவிடத்தான். அதே மிக்ஸை நகலெடுத்து வாடிக்கையாளருக்கு விற்பது வேறு உரிமை, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

பாட்டின் பிட்ச்சை (சுருதியை) ஏற்றி ஏமாற்றுவது

உரிமையுள்ள பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி இதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். பிடிக்காவிட்டாலும் மீறல் மீறல்தான்.

லூப்பின் நிபந்தனையைப் படிக்காமல் விடுவது

ராயல்டி ஃப்ரீ லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத்துண்டை) பாட்டுக்குள் சேர்க்கலாம், தனியாக லூப்பாகவே விற்க அநேகமாக அனுமதி இராது. படைத்தவரே நிபந்தனையோடு பொதுவில் விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டில் 'என்சி' (வணிகம் கூடாது) இருந்தால் விற்க முடியாது, 'என்டி' (மாற்றக் கூடாது) இருந்தால் ரீமிக்ஸ் செய்து வெளியிட முடியாது. இறக்கும்போதே நிபந்தனைப் பக்கத்தைத் தேதியோடு சேமியுங்கள், பின்னால் அந்தப் பக்கம் மாறலாம்.

"மீறும் நோக்கமில்லை" என்று எழுதிவைப்பது

பயனில்லை. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே நீதிமன்றம் இறங்கலாம், ஆனால் வியாபார லாபத்துக்காகச் செய்யாதவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை.