சுருக்கிய இணைப்பைத் தட்டுவதற்கு முன்

நீண்ட இணைய முகவரிக்குப் பதிலாகச் சில எழுத்துகளில் அமைத்துத் தரப்படுவது சுருக்கிய இணைப்பு. சமூக ஊடகத்தில் வரும் அப்படிப்பட்ட ஒன்றைத் தட்டும்போது நாம் முதலில் போய்ச் சேர்வது, அதில் சொல்லப்பட்ட பக்கத்துக்கு அன்று. அதைச் சுருக்கிக் கொடுத்த நிறுவனத்தின் சர்வருக்கு. அந்தச் சர்வர் நம்முடைய ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பைக் குறிக்கும் எண்), அதிலிருந்து ஊகிக்கக்கூடிய ஊர், கருவியின் வகை, உலாவியின் பெயர், பெரும்பாலும் எந்தத் தளத்திலிருந்து வந்தோம் என்ற விவரம், தட்டிய நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே, ‘நீங்கள் தேடுவது இங்கே இருக்கிறது’ என்று வேறொரு முகவரியை உலாவியிடம் சொல்கிறது. சர்வர் அனுப்பும் 301, 302 என்னும் குறியீட்டு எண்களோடு நடக்கும் இந்தத் திசைமாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால், நடுவில் ஒருவர் நின்றார் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே சுருக்கிய இணைப்பில் மூவரை நம்ப வேண்டியிருக்கிறது: அனுப்பியவர், சுருக்கியவர், சென்றடையும் தளத்தார். பாதுகாப்பு அறிவுரைகள் பெரும்பாலும் மூன்றாமவரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. ‘இணைப்பை விரித்துப் பார்த்துவிட்டுத் திறவுங்கள்’, அதாவது அது போய்ச்சேரும் முழு முகவரியை முதலில் பாருங்கள் என்பது நல்ல யோசனைதான். ஆனால் விரித்துப் பார்க்கும் செயலிலேயே நடுவில் நிற்பவருக்கு நம் வருகை தெரிந்துவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த யோசனை முழுமை பெறும்.

யார் அனுப்பியது, ஏன் சுருக்கினார்

தொழில்நுட்பத்துக்குப் போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ட்விட்டரில் ஒரு பதிவுக்கு 140 எழுத்துகளே இடம் இருந்த காலத்தில் சுருக்குவதற்கு நியாயமான காரணம் இருந்தது. இன்று எக்ஸ் என்னும் பெயரில் இயங்கும் அந்தத் தளம், இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை டி.கோ என்னும் தன் சொந்தச் சுருக்கியால் பொதிந்து 23 எழுத்துகளாகவே கணக்கிடுகிறது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலோ இணைப்பின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. அப்படியிருந்தும் ஒருவர் சுருக்குகிறார் என்றால், எத்தனை பேர் தட்டினார்கள் என்று எண்ண விரும்புகிறார், அல்லது முகவரி பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார், அல்லது அது எங்கே போகிறது என்பதை மறைக்கிறார். முதல் இரண்டும் குற்றமில்லை. மூன்றாவதை முதல் இரண்டிலிருந்து பிரித்தறிய இணைப்பின் தோற்றம் உதவாது, சூழல்தான் உதவும். பரிசு, கணக்கு முடக்கம், நின்றுபோன பார்சல், ‘இந்தப் படத்தில் இருப்பது நீதானா’ என்று அவசரப்படுத்தும் செய்தியோடு சுருக்கிய இணைப்பு வந்தால் அதை விரித்துப் பார்ப்பதற்குக்கூட நேரம் செலவிட வேண்டியதில்லை. அனுப்பியவர் நண்பராக இருந்தால் வேறு வழியில் அழைத்துக் கேளுங்கள். அவருடைய கணக்கு வேறொருவர் கையில் இருக்கலாம் என்பதால், அதே உரையாடலில் ‘நீதான் அனுப்பினாயா’ என்று கேட்டுப் பயனில்லை.

விரித்துப் பார்க்கும் வழிகள்

இணைப்பைத் தட்டாமல், விரலை அதன்மேல் அழுத்திப் பிடித்து நகலெடுத்து, குறிப்பேட்டுச் செயலி ஒன்றில் ஒட்டுங்கள். எந்தச் சுருக்கி என்பது அப்போது தெளிவாகத் தெரியும். சில நிறுவனங்கள் முன்கூட்டிப் பார்க்கத் தாமே வழி வைத்திருக்கின்றன. பிட்.லி இணைப்பாக இருந்தால் அதன் கடைசியில் ஒரு கூட்டல் குறியைச் சேர்த்துத் திறக்கலாம். டைனியூஆர்எல் இணைப்பாக இருந்தால் அந்தப் பெயருக்கு முன்னால் ‘பிரிவியூ’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் ஒரு புள்ளியையும் சேர்க்கலாம். இஸ்.ஜிடி (is.gd) இணைப்பாக இருந்தால் கடைசியில் ஒரு சிறுகோடு போதும். மூன்றிலும் போய்ச்சேரும் முகவரியை நீங்கள் எழுத்தில் பார்க்கலாம். உங்கள் உலாவி அந்த முகவரிக்குப் போவதில்லை. சுருக்கி நிறுவனத்துக்கு மட்டும் நீங்கள் வந்தது தெரியும்.

கணினியில் கட்டளை வரியைப் பயன்படுத்துவோருக்கு இன்னும் நேரான வழி உண்டு. கர்ல் என்னும் கட்டளையைப் பெரிய எழுத்து ‘ஐ’ தெரிவுடன் இயக்கினால் பக்கம் இறங்காது. சர்வரின் மறுமொழித் தலைப்புகள் மட்டும் வரும். அவற்றில் ‘லொகேஷன்’ என்று தொடங்கும் வரியில் இருப்பதே அடுத்த முகவரி. அதுவும் இன்னொரு சுருக்கியாக இருந்தால் அதற்கும் இதையே செய்ய வேண்டும். சமூக ஊடகங்களில் இந்தச் சங்கிலி சாதாரணமானது: பிட்.லி இணைப்பை ஒருவர் எக்ஸில் இட்டால் முதலில் டி.கோ, அடுத்து பிட்.லி, அதன் பிறகே உண்மையான தளம். ஒவ்வொரு படியிலும் ஒருவர் வருகையைப் பதிந்துகொள்கிறார்.

இணைப்புகளை விரித்துத் தரும் மூன்றாம் தரப்புத் தளங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒட்டினால் சுருக்கிக்கு நம் ஐபி முகவரி போகாது; விரித்துத் தரும் தளத்தின் முகவரியே போகும். நன்மைதான். ஆனால் இரண்டு விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனி இணைப்பு உருவாக்கி அனுப்பியிருந்தால், யார் திறந்தாலும் உங்களுக்கென்று செய்த இணைப்பு திறக்கப்பட்டது என்ற செய்தி அனுப்பியவருக்குப் போய்விடும். தொலைபேசி எண் பயன்பாட்டில் இருக்கிறது, ஆள் ஆர்வம் காட்டுகிறார் என்று அவர் முடிவு கட்ட அது போதும். மேலும், வைரஸ்டோட்டல், யூஆர்எல்ஸ்கேன் போன்ற சோதனைத் தளங்களில் ஒட்டும் முகவரிகளை மற்ற பயனர்களும் பார்க்க வாய்ப்புண்டு. யார் திறந்தாலும் திறக்கும் ஆவண இணைப்பு, கடவுச்சொல் மாற்றும் இணைப்பு ஆகியவற்றை அங்கே ஒட்டுவது, சாவி உண்மையானதா என்று சரிபார்க்க அதைத் தெருவில் காட்டுவதற்கு ஒப்பாகும்.

இணைப்போடு சிறு அட்டையாகத் தோன்றும் முன்னோட்டப் படத்தையும் தலைப்பையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் அந்தச் சிறு அட்டையை உருவாக்குவது அனுப்புபவரின் கருவி. எக்ஸ் போன்ற தளங்களில் தளத்தின் தானியங்கி நிரல் போய்ப் பார்த்து அட்டையை அமைக்கிறது; அந்த நிரல் வரும்போது பெயர்பெற்ற செய்தித் தளத்துக்கும், மனிதர் வரும்போது மோசடிப் பக்கத்துக்கும் திருப்பிவிடுமாறு இணைப்பை அமைப்பது கடினமான வேலையன்று. சுருக்கிய இணைப்பின் இலக்கைப் பிறகு மாற்றிக்கொள்ளவும் பல சேவைகள் இடம் கொடுக்கின்றன என்பதால், காலையில் பார்த்தபோது சரியாக இருந்தது மாலையிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விரிந்த முகவரியைப் படிப்பது

முகவரியில் ‘எச்டிடிபிஎஸ்’ என்பதையும் அதன் இரண்டு சாய்கோடுகளையும் தாண்டிய பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் உள்ளதை வலமிருந்து இடமாகப் படித்தால் உண்மையான உரிமையாளர் தெரிவார். உங்கள் வங்கியின் பெயர் இடக்கோடியில் இருந்து, சாய்கோட்டை ஒட்டி வேறு ஏதோ பெயர் இருந்தால், அந்தத் தளம் அந்த வேறு பெயருக்கே சொந்தம். அந்தப் பகுதிக்குள் ‘அட்’ குறி இருந்தால், அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அலங்காரம். உலாவி போவது அதற்குப் பின்னால் உள்ள முகவரிக்கு. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தோன்றும் என்பது பழைய தந்திரம். சிறு திரையில் இன்றும் பலிக்கிறது. எக்ஸ், என் என்ற எழுத்துகளும் இரு சிறுகோடுகளுமாகத் தொடங்கும் பெயர், ஆங்கிலமல்லாத எழுத்துகளால் ஆனது. தமிழ் எழுத்தில் பதிவுசெய்த களப்பெயர்களும் (தளங்களின் முகவரிப் பெயர்கள்) உலாவியில் சில நேரம் அப்படித்தான் தெரியும் என்பதால் அதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிடக் கூடாது. ஆங்கிலப் பெயரை எதிர்பார்த்த இடத்தில் அது வந்தால் மட்டும் விலகுங்கள். பூட்டுப் படம் இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது, எதிரே இருப்பவர் யோக்கியர் என்பதையன்று.

2016 மார்ச்சில் ஹிலரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு வந்த மின்னஞ்சலில் இருந்தது ஒரு பிட்.லி இணைப்பு, அதன் மறுமுனையில் இருந்தது கூகுளின் நுழைவுப் பக்கத்தைப் போலச் செய்த போலிப் பக்கம். விரித்துப் பார்த்திருந்தால் கூகுளுக்குச் சம்பந்தமில்லாத முகவரி தெரிந்திருக்கும். அனுப்பியவர்களும் அதே சேவையால் அகப்பட்டார்கள்: தாங்கள் இணைப்புகளைச் சுருக்கிய கணக்கை மறைத்து வைக்காததால், அவர்கள் உருவாக்கிய மற்ற ஆயிரக்கணக்கான இணைப்புகளையும் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பார்க்க முடிந்தது.

திறந்தே ஆக வேண்டுமென்றால்

விரித்துக் கிடைத்த முகவரியை அப்படியே திறக்காமல், வால்பகுதியை நறுக்குங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் ‘யூடிஎம்’ என்று தொடங்குபவை எந்த விளம்பரத்தின் வழியாக வந்தீர்கள் என்பதைச் சொல்பவை. ‘எஃப்பிகிளிட்’ (fbclid) என்பது ஃபேஸ்புக் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒட்டும் அடையாளம். இவற்றை நீக்கினாலும் பக்கம் திறக்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் சில தளங்களில் பக்கமே மாறிவிடும். அப்போது ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இணைப்பை வலச்சொடுக்கினால், கண்காணிப்புக் குறிகள் இல்லாமல் நகலெடுக்கும் வசதி பட்டியலிலேயே இருக்கிறது.

சமூக ஊடகச் செயலிக்குள்ளேயே திறக்கும் உலாவியைத் தவிர்த்து, தனி உலாவியில், தனிப்பட்ட சாளரத்தில் திறப்பது நல்லது. அந்தச் சாளரம் பழைய குக்கிகளை (தளங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் சேமிக்கும் குறிப்புகளை) மறைக்குமே தவிர ஐபி முகவரியை மறைக்காது. சென்ற இடத்தில் கடவுச்சொல் கேட்டால் மூடிவிட்டு, அந்த நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். கடவுச்சொல் மேலாளர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: பதிவுசெய்த களப்பெயரோடு பொருந்தாத பக்கத்தில் அது கடவுச்சொல்லை நிரப்ப முன்வராது. நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறுவதில்லை.

ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடியதோடு சரி என்றால், போனது பெரும்பாலும் மேலே சொன்ன வருகை விவரங்கள் மட்டுமே. உலாவியையும் இயங்குதளத்தையும் புதுப்பித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தெரிவைப் பயன்படுத்துங்கள். அட்டை விவரமோ ஓடிபியோ கொடுத்திருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. ஏதாவது செயலியை நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். கடவுச்சொற்களை மாற்றுவது அதற்குப் பின்னர், முடிந்தால் வேறு கருவியிலிருந்து.

நாம் பகிரும்போது

இந்தப் பகுதியைத்தான் நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஏனெனில் நம்முடைய பழக்கமே மற்றவர்களுக்கு ‘எதையும் தட்டலாம்’ என்று கற்றுக்கொடுக்கிறது. முழு முகவரியைப் பகிருங்கள். யூடியூபின் பகிர்வுப் பொத்தான் தரும் முகவரியில் ‘எஸ்ஐ’ என்றும், இன்ஸ்டாகிராம் தருவதில் ‘ஐஜிஎஸ்எச்’ என்றும் ஒட்டியிருக்கும் குறிகள் பகிர்வோடு தொடர்புடைய அடையாளங்கள். நீக்கிவிட்டுப் பகிர்வதால் எதுவும் கெட்டுவிடாது.

தனிப்பட்ட ஆவணங்களை, வரைபட வழிகளை, புகைப்படத் தொகுப்புகளை ஒருபோதும் சுருக்காதீர்கள். ‘இணைப்பு உள்ளவர் யாரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பின் பாதுகாப்பு முழுவதும், முகவரி ஊகிக்க முடியாத அளவு நீளமாக இருப்பதில்தான் இருக்கிறது. சுருக்கினால் அந்த நீளம் போய்விடுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் என 62 குறிகளால் ஆன ஐந்தெழுத்துச் சுருக்கத்துக்கு ஏறத்தாழ 91.6 கோடி சேர்க்கைகளே உண்டு. ஆறெழுத்துக்கு ஏறத்தாழ 5,680 கோடி. மனிதருக்கு இவை பெரிய எண்கள், நிரலுக்கு அல்ல. மார்ட்டின் ஜார்ஜியேவ், விட்டலி ஷ்மாட்டிகோவ் என்னும் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடியே, மைக்ரோசாஃப்டின் கோப்புச் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவில் இருந்த கோப்புகளையும், கூகுள் வரைபடத்தில் மக்கள் பகிர்ந்த வழிகளையும் கண்டெடுத்தார்கள். அந்த வழிகளில் சில மருத்துவமனைகளை நோக்கிச் சென்றன. கிடைத்த ஒன்டிரைவ் கோப்புறைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டில் முன்பின் தெரியாதவரும் எழுதவே முடிந்தது. ஆய்வாளர்கள் எச்சரித்த பின்னர் கூகுள் அந்த வரைபட இணைப்புகளை நீளமாக்கியது.

நீண்டகாலம் நிலைக்க வேண்டிய எதற்கும் பிறருடைய சுருக்கியை நம்புவது சரியில்லை. 2010இல் விபி.லி என்னும் சுருக்கியின் பெயரை, ‘.லி’ களப்பெயர்களை நிர்வகிக்கும் லிபியப் பதிவகம் எடுத்துக்கொண்டது. கூகுளின் கூ.ஜிஎல் 2019இல் புதிய இணைப்புகளை உருவாக்குவதை நிறுத்தியது. பழையவையும் 2025 ஆகஸ்ட் 25க்குப் பின் இயங்காது என்று அறிவித்து, கெடு நெருங்கிய வேளையில், பயன்பாட்டில் இருப்பவை மட்டும் தொடரும் என்று திருத்திக்கொண்டது. எத்தனை பழைய பதிவுகளின் சான்றுகள் இப்படி இன்னொருவரின் முடிவைப் பார்த்துக் காத்திருந்தன!

சங்கமோ நிறுவனமோ நடத்துபவர்களுக்குச் சுவரொட்டிக்காகச் சிறிய முகவரி தேவைப்படலாம். அப்போது சொந்தக் களப்பெயரிலேயே ஒரு சிறு திசைமாற்றத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வருபவருக்கு உங்கள் பெயர் தெரியும், வருகைப் பதிவும் நடுவில் வேறொருவரிடம் போகாது. அந்தக் களப்பெயரைப் புதுப்பிக்கும் தேதியை மட்டும் ஒன்றுக்கு மேற்பட்டோர் குறித்து வைத்திருக்க வேண்டும். அது காலாவதியானால் யாரும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர், நீங்கள் அச்சடித்து ஒட்டிய ஒவ்வொரு இணைப்பையும் தாம் விரும்பிய இடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம்.